போபால் ரூபங்கர்: ஒரு மாநில அருங்காட்சியகம் தன் சமகாலக் கலையைச் சேகரித்த விதம்

தலைநகருக்கு வெளியே இருக்கும் ஓர் அருங்காட்சியகம் சமகாலக் கலைக்கென ஒரு சேகரிப்பைத் தொடங்கினால், முதல் நாளிலேயே இரண்டு நெருக்கடிகளைச் சந்திக்கும். முக்கியமான படைப்புகள் பலவும் அதற்குள் பெரிய நிறுவனங்களுக்கும் வசதி படைத்த தனியாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். எஞ்சியவற்றைப் போட்டியிட்டு வாங்குமளவுக்கு மாநில அரசின் பண்பாட்டுத் துறையிடம் பணம் இருக்காது. இந்த நிலையில் பெரும்பாலான நிறுவனங்கள் புகழ்பெற்ற பெயர்களின் பட்டியலொன்றைத் தயாரித்து, ஒவ்வொருவரிடமிருந்தும் கைக்கெட்டிய விலையில் ஒரு சிறு ஓவியத்தை வாங்கிச் சுவரை நிரப்பிவிடும். அப்படி அமையும் சேகரிப்பைப் பார்ப்பவருக்கு, தலைநகரில் இதைவிட நல்லவை இருக்கின்றன என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம் 1954இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அம்ரிதா ஷெர்-கில்லின் ஓவியங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கும் ஒரு மாநில நிறுவனம் அதே பாதையில் ஓடி எந்தக் காலத்திலும் முந்த முடியாது.

போபாலில் பாரத் பவன் என்ற பல்கலை மையத்தின் ஓர் அங்கமாக அமைந்த ரூபங்கர் அருங்காட்சியகம் அந்தப் பாதையில் போகவில்லை. மத்தியப் பிரதேசத்தின் சமகாலக் கலை என்பது எது, அதை யார் படைக்கிறார்கள் என்ற கேள்வியை முதலில் எழுப்பி, அதற்குக் கிடைத்த விடையைக் கொண்டு சேகரிப்பை உருவாக்கியது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, களத்தில் எப்படிச் செயலானது, அதனால் சேகரிக்கப்பட்டவர்களின் வாழ்க்கை எப்படி மாறியது, எங்கே அது தடுமாறியது என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

இடமும் அமைப்பும்

பாரத் பவனை 1982 பிப்ரவரி 13 அன்று பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். ஷாம்லா குன்றின் சரிவில், மேல் ஏரியைப் பார்த்தபடி அமைந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. பார்வையாளர் மேல்தளத்தில் நுழைந்து, தாழ்ந்துகொண்டே போகும் முற்றங்களின் வழியே ஏரியை நோக்கி இறங்குகிறார். காட்சிக்கூடங்கள் அந்த முற்றங்களைச் சுற்றிக் குன்றுக்குள் அமைந்திருக்கின்றன. வெளிச்சம் கூரைத் திறப்புகள் வழியே வருகிறது. பகட்டான முகப்போ, அண்ணாந்து பார்க்க வைக்கும் தூண்களோ இல்லாததால், அரசு அலுவலகத்துக்குள் நுழையும் தயக்கம் அங்கே நுழைபவருக்கு எழுவதில்லை. யாருக்காக இந்த இடம் என்பதைக் கட்டடமே ஓரளவு சொல்லிவிடுகிறது.

ரூபங்கர் தனித்து நின்ற நிறுவனமும் அல்ல. நாடகத்துக்கு ரங்கமண்டல், கவிதைக்கு வாகர்த், இசைக்கு அனஹத் என்று மற்ற அங்கங்களும் ஒரே வளாகத்தில் இருந்தன. ரங்கமண்டலை நடத்தியவர் பி. வி. காரந்த். இத்தனையும் ஒன்றுசேரக் காரணமாக இருந்தவர் மாநிலப் பண்பாட்டுத் துறையின் செயலராக இருந்த இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பாய். முதல்வர் அர்ஜுன் சிங்கின் ஆதரவும், துறையின் கோப்புகளை நகர்த்தத் தெரிந்த ஒரு கவிஞரின் பிடிவாதமும் ஒரே நேரத்தில் வாய்த்தன. நிறுவனம் மாநிலச் சட்டத்தின் வழி அமைந்த ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. நிதி அரசிடமிருந்து வந்தாலும், எதை வாங்குவது, எதைக் காட்டுவது என்ற முடிவுகள் கலைஞர்களிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியமான இன்னொரு வசதியும் அந்த வளாகத்தில் இருந்தது: அச்சுக்கலைப் பட்டறையும் பீங்கான்–மண்கலைப் பட்டறையும். முடிந்த படைப்பை மட்டுமே வாங்கும் அருங்காட்சியகத்துக்குப் பட்டறை தேவையில்லை. படைப்பவரும் அங்கே வந்து வேலை செய்வார் என்று எதிர்பார்க்கும் அருங்காட்சியகத்துக்கே அது தேவை.

சுவாமிநாதன் கொண்டுவந்த கருத்து

ரூபங்கரின் முதல் இயக்குநர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவில் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பமொன்றில் 1928இல் பிறந்த அவர், கம்யூனிஸ்ட் கட்சியிலும் பத்திரிகைத் துறையிலும் இருந்துவிட்டு முழுநேர ஓவியரானவர். 1962இல் வேறு பதினொரு கலைஞர்களோடு சேர்ந்து குரூப் 1890 என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் 1963இல் டெல்லியில் நடத்திய ஒரே கண்காட்சியை நேரு திறந்துவைத்தார். அதன் கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் அப்போது இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ். ஐரோப்பிய நவீனத்தைப் பின்பற்றுவதையும் வங்கப் பள்ளியின் பழமைக் கனவையும் அந்தக் குழு ஒருசேர மறுத்தது. இரண்டும் வேண்டாமென்றால் வேறென்ன என்ற கேள்வி அப்போதே அவருக்குள் இருந்தது. போபாலில் அதற்கு விடை தேடும் வாய்ப்பு இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

அவருடைய வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஆதிவாசிக் கலை பழைமையானது, நகரக் கலை புதியது என்று வரிசைப்படுத்துவது தவறு. இன்றைக்கு உயிரோடிருந்து, இன்றைக்கு வரைகிற இருவரும் ஒரே காலத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மும்பையில் எண்ணெய் வண்ணத்தைக் கொண்டும் மற்றவர் மண்ட்லாவின் ஒரு கிராமத்தில் செம்மண்ணைக் கொண்டும் வரைவதால், ஒருவர் நிகழ்காலத்துக்கும் மற்றவர் கடந்தகாலத்துக்கும் உரியவராகிவிட மாட்டார். அருகருகே வாழும் பண்பாடுகள் ஒவ்வொன்றும் தன்னளவில் செல்லுபடியாகும்; ஒன்று மற்றொன்றின் தொடக்கநிலை அல்ல. இந்த வாதத்தை 1987இல் வெளியான ரூபங்கரின் ஆதிவாசிக் கலைப் பட்டியல் நூலில் அவர் விரிவாக எழுதினார்.

சேகரிப்பு என்ற நோக்கில் பார்த்தால், இந்தக் கருத்து ஒரு நடைமுறைத் தீர்வாகவும் இருக்கிறது. அன்றைய மத்தியப் பிரதேசம், இன்றைய சத்தீஸ்கரையும் உள்ளடக்கி, பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம். மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆதிவாசிகள். கோண்டு, பில், கோர்க்கு, பைகா, முரியா என்று எத்தனையோ சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் சுவரோவியமோ மண்ணுருவமோ மரச்செதுக்கோ உலோக வார்ப்போ இருந்தது. தேசிய நவீனக் கலைக்கூடம் அவற்றை நவீனக் கலையாகப் பார்க்கவில்லை. தனியார் சேகரிப்பாளர்களும் போட்டிக்கு வரவில்லை. ஒரு மாநில நிறுவனத்தால் உலகிலேயே முதல்தரமாகச் சேகரிக்கக்கூடியது அதன் காலடியிலேயே இருந்தது. ஆனால் இதைச் சிக்கனத்துக்கான வழியாக மட்டும் பார்த்திருந்தால் ரூபங்கர் இன்னொரு கைவினைக் கூடமாக முடிந்திருக்கும். சமகாலம் என்ற உறுதி முதலில் வந்தது. மலிவு என்பது பிறகு வந்த வசதி.

களத்தில் நடந்தது

திறப்பு விழாவுக்கு முந்தைய மாதங்களில், மாநிலத்தின் கலைக்கல்லூரி மாணவர்களும் இளம் ஓவியர்களும் சிறு குழுக்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்பட்டவர்கள் மானுடவியலாளர்கள் அல்லர் என்பது தற்செயல் அல்ல. சடங்கின் பொருளையும் உறவுமுறையையும் குறித்துவருவது வேறொரு துறையின் வேலை. அந்த வேலைக்கென்றே இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் அதே ஷாம்லா குன்றில் உருவாகிக்கொண்டிருந்தது. ரூபங்கரின் குழுக்கள் கோட்டையும் வண்ணத்தையும் உருவத்தையும் பார்க்கப் போனவை: இந்தச் சுவரை வரைந்த கை யாருடையது, அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று ஓர் ஓவியர் மற்றோர் ஓவியரைப் பார்க்கும் விதத்தில் பார்த்தன.

ஒரே குன்றில் இரண்டு அருங்காட்சியகங்கள், ஒரே கிராமத்திலிருந்து வரக்கூடிய ஒரே வகைப் பொருள். ஒன்றில் அது ஒரு சமூகத்தின் வாழ்க்கைக்குச் சான்றாகும்; மற்றொன்றில் பெயருள்ள ஒருவரின் படைப்பாகும். இரண்டும் தேவையான வேலைகள்தாம். ஆனால் சமகாலக் கலைச் சேகரிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இரண்டாவது நிபந்தனை நிறைவேறியாக வேண்டும். படைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிவைப்பது மிக எளிய செயல். அந்த எளிய செயலைப் பல பெரிய அருங்காட்சியகங்கள் நெடுங்காலம் செய்யாமலே இருந்தன.

குழுக்கள் கொண்டுவந்தவற்றையும் பிறகு சேர்ந்தவற்றையும் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பொருள்கள் முதல் வகை: பஸ்தரின் மெழுகு வார்ப்பு உலோக உருவங்கள், மரச்செதுக்குகள், காணிக்கை மண்குதிரைகள். அருங்காட்சியகம் தாளும் வண்ணமும் கொடுத்துக் கேட்டுக்கொண்டதால் உருவான படைப்புகள் இரண்டாவது வகை. கலைஞரே போபாலுக்கு வந்து பட்டறையில் செய்தவை மூன்றாவது வகை. முதல் வகையில் அருங்காட்சியகம் வாங்குபவர் மட்டுமே. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது படைப்பின் பிறப்பிலேயே பங்குகொள்கிறது. ரூபங்கரின் பெருமையும் அதன் மீதான கடினமான கேள்விகளும் இந்த இரண்டு வகைகளிலிருந்தே எழுகின்றன.

பாட்டன்கரின் சுவர்

அன்றைய மண்ட்லா மாவட்டத்தில், இன்றைய டிண்டோரியில், பாட்டன்கர் என்ற கிராமம் இருக்கிறது. மானுடவியலாளர் வெரியர் எல்வின் முன்பு வாழ்ந்த ஊர் என்பதால் அறிஞர்களுக்கு அது புதிய பெயர் அல்ல. அந்த ஊர்ப் பர்தான்கள் கோண்டுகளின் பாணர்கள். பானா என்ற நரம்பிசைக் கருவியை இசைத்து, சாஜா மரத்தில் உறையும் படா தேவ் என்ற தெய்வத்தை அழைத்து, கோண்டு அரசர்களின் வரலாற்றையும் தெய்வங்களின் கதைகளையும் பாடுவது அவர்களின் பரம்பரைத் தொழில். புரவலர்கள் வறுமைப்பட்டபோது பாட்டும் நலிந்தது. பாணர் மரபினர் பலர் கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊருக்குச் சென்ற ரூபங்கர் குழுவின் கண்ணில் ஒரு சுவரோவியம் பட்டது. வரைந்தவர் ஜங்கர் சிங் ஷியாம், இருபது வயதைத் தொட்டும் தொடாத இளைஞர். அவரைப் போபாலுக்கு அழைத்துவந்து தாளும் போஸ்டர் கலரும் கொடுத்தார்கள். 1982 திறப்பு விழாக் கண்காட்சியில் அவருடைய படைப்புகளும் இருந்தன. பிறகு பாரத் பவனின் அச்சுக்கலைப் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போபாலில் தங்கினார்.

தாளுக்கு வந்தபோது அந்தக் கையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கிராமத்தில் தரையிலும் சுவரிலும் பெண்கள் இடும் திக்னா கோலங்களும், மண்ணைக் குழைத்துப் புடைத்தெழச் செய்யும் உருவங்களும் இருந்தன. அங்கே வண்ணம் என்பது செம்மண், வெண்களிமண், மஞ்சள் மண், கரி ஆகியவைதாம். ஜங்கர் தாளில் முதலில் மானின், மயிலின், தெய்வத்தின் உருவத்தை ஒரே வீச்சில் புறக்கோடாக வரைந்தார். பிறகு உருவத்தின் உள்ளே சிறு புள்ளிகளையும் பிறைக்கோடுகளையும் வரிசை வரிசையாக அடுக்கினார். பச்சைக் குத்தலை நினைவூட்டும் அந்தப் புள்ளிகள் உருவத்தின் உடலுக்குள் ஓர் ஓட்டத்தைக் கொண்டுவந்தன. தட்டையான தாளில் இருக்கும் மான் மூச்சுவிடுவதுபோல் தோன்றும். போஸ்டர் கலரின் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் கிராமத்துச் சுவரில் இருந்திராதவை. அவற்றை அவர் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார். அச்சுப் பட்டறைக்குப் போனதும் வண்ணமே இல்லாத கறுப்பு–வெள்ளைக் கோட்டின் வலிமையைக் கண்டுகொண்டார்.

எதை வரைந்தார் என்பது அதைவிடப் பெரிய மாற்றம். கோண்டுத் தெய்வங்களில் பலவற்றுக்கு உருவம் கிடையாது; அவை மரத்திலும் கல்லிலும் இருந்தன, பர்தான்களின் பாட்டில் வாழ்ந்தன. முன்னோர் பாடியவற்றை ஜங்கர் வரைந்தார். படா தேவும் காட்டுத் தேவதைகளும் கண்ணால் பார்க்கக்கூடிய உடல் பெற்றார்கள். இன்று கைவினைக் கடைகளில் தொன்மையான கோண்டு ஓவியம் என்று விற்கப்படும் பாணியின் பெரும்பகுதி, 1980களில் ஓர் அருங்காட்சியகத்தின் பட்டறைக்கு வந்த ஓர் இளைஞரின் கையில் உருவானது. விவரம் அறிந்தவர்கள் அதை ஜங்கர் கலம், அதாவது ஜங்கர் பாணி, என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். சுவாமிநாதனின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இருக்க முடியாது: இது பழங்காலத்தின் எச்சம் அல்ல, ஒரு தனிமனிதர் தம் காலத்தில் கண்டுபிடித்த புதிய மொழி.

1986இல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான் விருது ஜங்கருக்கு வழங்கப்பட்டது. 1989இல் பாரிஸின் போம்பிதூ மையமும் லா வில்லெத்தும் இணைந்து, ழான்-யூபேர் மார்த்தன் பொறுப்பில் நடத்திய பெரும் கண்காட்சிக்கு அவர் அழைக்கப்பட்டார். மேற்கத்தியக் கலைஞர்களையும் பிற நாட்டினரையும் சம எண்ணிக்கையில் ஒரே கூரையின்கீழ் வைத்ததற்காக உலகமே அந்தக் கண்காட்சியைப் பற்றி விவாதித்தது. போபால் அந்த வேலையை ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, ஆரவாரமின்றித் தொடங்கியிருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கலை வரலாற்றுப் பாடங்களில் பாரிஸ் இடம்பெறும் அளவுக்குப் போபால் இடம்பெறுவதில்லை.

கட்டட வேலைக்கு வந்த பெண்

ஜங்கரைக் குழு தேடிப்போய்க் கண்டது. பூரி பாய், கட்டுமானத் தளத்திலேயே இருந்தார். ஜாபுவா மாவட்டத்தின் பிதோல் கிராமத்திலிருந்து வந்த பில் சமூகப் பெண்ணான அவர், பாரத் பவன் கட்டப்பட்டபோது அங்கே கல்லும் மண்ணும் சுமந்தவர். நாளொன்றுக்கு 6 ரூபாய் கூலி என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரில் சுவரில் எப்படி வரைவீர்கள் என்று சுவாமிநாதன் வேலையாட்களிடம் விசாரித்தார். வரைந்தால் இன்றைய கூலி போய்விடுமே என்பதுதான் பூரி பாயின் முதல் கவலை. வரைவதற்கும் கூலி உண்டு என்று உறுதி கிடைத்த பிறகே தூரிகையை எடுத்தார். வாங்குதலுக்கான கொள்கை எதுவாக இருந்தாலும், தினக்கூலியில் வாழும் ஒருவரிடம் படைப்பைக் கேட்கும் நிறுவனம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அந்தக் கவலைதான். அவர் செலவிடும் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பது தீர்மானமாகாமல் படைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பில்களின் பிதோரா ஓவியம் நேர்த்திக்கடனாக வீட்டுச் சுவரில் எழுதப்படுவது. அதில் வரும் குதிரைகளை எழுத உரிமை பெற்றவர் லிகிந்த்ரா எனப்படும் சடங்கு ஓவியர். பெண்கள் அவற்றை எழுதும் வழக்கம் இல்லை. ரூபங்கர் சேகரித்த முக்கியமான பிதோரா ஓவியர் பாப்ரா ஊரைச் சேர்ந்த பேமா ஃபத்யா. பூரி பாய் சடங்குக் குதிரையைத் தொடவில்லை. மரங்களையும் விலங்குகளையும் வீட்டையும் திருவிழாவையும், பிறகு பேருந்தையும் விமானத்தையும்கூடத் தம் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். தாள் அவருக்கு வேறொரு சுதந்திரத்தைக் கொடுத்தது. அவர் மரபை மீறவில்லை, மரபு பேசாத ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டார். தாளிலும் கித்தானிலும் வரைந்த முதல் பில் பெண் என்று அறியப்படும் அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சர்குஜாவின் சோனாபாய் ரஜாவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பல ஆண்டுகள் வீட்டைவிட்டு வெளியே வராமல் வாழ நேர்ந்த அந்தப் பெண், மூங்கிலையும் களிமண்ணையும் கொண்டு வீட்டுக்குள் வெயிலை வடிகட்டும் சாளரத் தட்டிகளையும், அவற்றின்மேல் பறவை, குரங்கு, மனித உருவங்களையும் அமைத்தார். அவருடைய வேலை வீட்டோடு ஒன்றியது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் அதன் பகுதி. அப்படியொன்றைச் சேகரிப்பதென்றால், வீட்டின் ஒரு துண்டைப் பெறுவதா, அவரை அழைத்துப் புதிதாகச் செய்யச் சொல்வதா என்ற கேள்வி வருகிறது. இரண்டிலுமே ஏதோ ஒன்று விடுபட்டுப்போகும். இதற்குக் குறையில்லாத விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நகரத்தின் பாதி

ரூபங்கரின் மறுபாதி நகர ஓவியர்களின், சிற்பிகளின் படைப்புகள். இந்தப் பாதி பிற நவீனக் கலைக்கூடங்களின் சேகரிப்பைப் பெரிதும் ஒத்தது. சக ஓவியரான சுவாமிநாதன் கேட்டதால் கலைஞர்கள் ஒத்துழைத்தார்கள் என்பதும், 1986இல் தொடங்கிய பாரத் பவன் பைனியல் என்ற ஈராண்டுக் கண்காட்சி புதிய படைப்புகளைப் போபாலுக்கு வரவழைத்தது என்பதும் இதன் பலங்கள்.

ஆனால் இரண்டு பாதிகளும் ஒரே இடத்தில் இருப்பதால் தெரியவரும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நவீன இந்திய ஓவியத்தின் பெரும்பெயர்களில் ஒருவரான எஸ். எச். ரஸா 1922இல் பிறந்தது மண்ட்லா மாவட்டத்தின் பாபாரியா கிராமத்தில்; ஜங்கரின் பாட்டன்கரும் அன்று அதே மாவட்டம். வனக்காவல் அதிகாரி ஒருவரின் மகன் நாக்பூர், மும்பை வழியாகப் பாரிஸுக்குப் போய்ப் பிந்து என்ற புள்ளியைத் தம் ஓவியத்தின் மையமாகக் கண்டார். பாணர் மரபின் பிள்ளை போபாலுக்கு வந்து புள்ளிகளால் தெய்வங்களை எழுப்பினார். இருவரும் ஒரே காட்டின் அருகில் பிறந்தவர்கள் என்பதைத் தேசிய அளவிலான சேகரிப்பு கவனிக்காது. ஒரு மாநில அருங்காட்சியகத்தால் மட்டுமே அதை ஒரு காட்சியாக்க முடியும்.

சந்தையும் அதன் பிறகும்

ஜங்கர் போபாலில் நிலைபெற்றதும் பாட்டன்கரிலிருந்து உறவினர்கள் வந்து சேர்ந்தார்கள். அவருடைய வீடே ஒரு பயிற்சிக்கூடமானது. மனைவி நன்குசியா ஷியாம், பஜ்ஜு ஷியாம், வெங்கட் ராமன் சிங் ஷியாம், துர்கா பாய் வியாம் என்று ஒரு தலைமுறையே உருவாயிற்று. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையின் தாரா பதிப்பகம் இவர்களோடு சேர்ந்து, கையால் திரையச்சிட்ட நூல்களைப் பல மொழிகளில் கொண்டுவந்தது. கோண்டு ஓவியம் உலகெங்கும் வாசகர்களின் வீடுகளுக்குள் போனதில் அந்த நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. 2023இல் இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு நடவடிக்கை ஒரு கிராமத்தின் பிழைப்பையே மாற்றியமைத்ததற்கு இந்தியாவில் இதற்கிணையான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு வேதனையும் இருக்கிறது. 2001 ஜூலையில், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், ஜங்கர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதையொட்டிய மனிதர். வெளிநாட்டில் தனியாக வேலை செய்யும் நாட்டார் கலைஞருக்கு என்ன ஒப்பந்தம், என்ன ஊதியம், மனம் சோர்ந்தால் யாரிடம் பேசுவது என்ற கேள்விகளை அந்த மரணம் இந்தியக் கலையுலகின் முன் வைத்தது. நகரத்து ஓவியருக்கு கேலரியும் முகவரும் விமர்சகர்களும் சட்டம் தெரிந்த நண்பர்களும் இருக்கிறார்கள். படைப்பில் சமம் என்று ஒருவரை அறிவித்துவிட்டு, இந்தத் துணைகளில் அவரைச் சமமாக்காமல் விட்டால், அந்த அறிவிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

தடுமாறிய இடங்கள்

ரூபங்கரின் மீதான விமர்சனங்களில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, காட்சிப்படுத்தல். சமம் என்று கருத்தளவில் சொன்னாலும், நகரக் கலை ஒரு கூடத்திலும் ஆதிவாசி–நாட்டார் கலை மற்றொரு கூடத்திலும் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் தன்மையும் கரைந்துபோகாமல் காக்க அது தேவை என்று வாதிடலாம். ஆனால் பார்வையாளர் ஒரு வாசலிலிருந்து மற்றொரு வாசலுக்குப் போகும்போது பழைய பாகுபாடும் கூடவே போகிறது. தேர்ந்தெடுத்த சில இடங்களிலாவது ஒரே சுவரில் இரண்டையும் வைத்துப் பார்க்கும் துணிவு தேவைப்பட்டது.

இரண்டாவது, தேர்வின் அதிகாரம். எது நல்ல ஓவியம் என்று முடிவு செய்தவர்கள் நகரத்திலிருந்து போன ஓவியர்கள். கோட்டின் துள்ளலையும் உருவத்தின் தூய்மையையும் மதித்த அவர்களின் கண்ணுக்கு, கிராமத்தில் மிகவும் மதிக்கப்பட்ட வேறு சில படைப்புகள் சாதாரணமாகத் தெரிந்திருக்கலாம். ஒரு தனிப்பெரும் கலைஞரின் ரசனை சேகரிப்புக்கு முகம் கொடுக்கிறது; அதே ரசனை அதன் எல்லையாகவும் ஆகிவிடுகிறது. சுவாமிநாதனின் கடைசிக்கால ஓவியங்களில் மண் நிறங்களும் சுவர்க் குறிகளும் வந்து சேர்ந்ததைப் பார்க்கும்போது, போபால் அவரையும் மாற்றியது தெரிகிறது.

1990இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. அதே ஆண்டில் அவர் பாரத் பவனைவிட்டு விலகினார். 1994இல் டெல்லியில் காலமானார். தனிமனிதரின் பார்வையை நம்பி எழுந்த சேகரிப்பு, அவர் போனதும் எந்த விதியைக் கொண்டு தொடர்வது என்ற கேள்விக்கு ஆளாகும். அறக்கட்டளைச் சட்டம் நிர்வாகத்துக்குக் காப்பாக இருக்கலாம். அடுத்து யாரைத் தேடிப்போக வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது.

இந்த இடத்தில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரைப் பார்ப்பது உதவும். டோக்கியோவிலிருந்து வெகுதொலைவில், கியூஷு தீவில் இருக்கும் அந்த நகரின் கலை அருங்காட்சியகம் 1979இல் திறக்கப்பட்டபோதே ஆசியக் கலைக் கண்காட்சியோடு தொடங்கியது. 1980, 1985, 1989, 1994 என்று அடுத்தடுத்து அதே வரிசையில் கண்காட்சிகள் நடந்தன; அவற்றிலிருந்து படைப்புகள் சேகரிப்புக்கு வந்தன. 1999 மார்ச்சில் ஃபுகுவோகா ஆசியக் கலை அருங்காட்சியகம் தனியே திறக்கப்பட்டபோது அந்தச் சேகரிப்புதான் அதன் அடித்தளம். அங்கே பொறுப்பாளர்கள் மாறினாலும், நாட்காட்டியும் களப்பயணமும் கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் திட்டமும் தொடர்ந்தன. போபாலின் பார்வை இன்னும் ஆழமானது என்பதே என் மதிப்பீடு. தொடர்ச்சியில் ஃபுகுவோகா வலுவானது. தலைநகருக்கு வெளியே இப்படியொரு சேகரிப்பைத் திட்டமிடுபவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

2013இல் போபாலில் திறக்கப்பட்ட மத்தியப் பிரதேச பழங்குடி அருங்காட்சியகத்தில் ஆதிவாசிக் கலைஞர்களே கூடங்களை உருவாக்கினார்கள்; பூரி பாய் தம் வாழ்க்கையை அங்கே ஒரு நீண்ட சுவரில் வரைந்திருக்கிறார். கல் சுமந்ததும் அதில் வருகிறது, முதல் ஓவியத்துக்குக் கூலி பெற்றதும் வருகிறது. ஓர் அருங்காட்சியகம் தம் கலையைச் சேகரித்த வரலாற்றை, சேகரிக்கப்பட்டவரே எழுதிவைத்திருக்கும் அரிய ஆவணம் அது.

ரூபங்கரின் தொடக்ககாலப் படைப்புகளுக்கும் அத்தகைய ஆவணம் வேண்டும். ஒவ்வொரு படைப்பும் எந்த ஊரில், யாருடைய கையிலிருந்து, கேட்டு வரையப்பட்டதா அல்லது வீட்டிலிருந்து எடுத்துவரப்பட்டதா, என்ன தொகைக்குப் பெறப்பட்டது, மறுபதிப்பு உரிமை யாரிடம் என்பவை பதிவேட்டில் இருக்க வேண்டும். தாளில் போஸ்டர் கலர் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. காய்ந்த களிமண் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது விரிசல் விடும். ஏரிக்கரைக் கட்டடத்தில் இரண்டையும் காக்கத் தனித்தனி ஏற்பாடு தேவை. பேமா ஃபத்யா 2020இல் மறைந்தார், சோனாபாய் 2007இல். 1981இல் மாணவர்களாகக் கிராமங்களுக்குப் போனவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். எந்த வீட்டில் யார் முதலில் தாளை வாங்கினார், யார் வேண்டாமென்று மறுத்தார் என்பது அவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களையும், அந்தக் கிராமங்களில் இன்னும் இருக்கும் கலைஞர்களின் குடும்பங்களையும் ஒன்றாக உட்காரவைத்து, படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் பணி புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.